வரிசை எண் 17

நம் கல்லூரிக் கலைப் பிரிவு பழைய மாணவர்களுக்கு அனுப்பும் ஆண்டுச் செய்தி மடல் போன வாரம் பெர்த்தில் என் கைக்கு வந்தது. அதே நாளில் மலர்க் குழுவிலிருந்து மூன்றாவது நினைவூட்டல்: "அண்ணே, கட்டுரை எங்கே?" இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதிலாக இதை எழுதுகிறேன்.

மடலில் நல்ல செய்திகளுக்குக் குறைவில்லை. மின்சாரச் சூளை வந்துவிட்டது. ஓவிய அறைக்குக் குளிர்சாதனம் போட்டுவிட்டார்கள். நாம் நெற்றி வியர்வையைச் சொட்டவிட்டு நீர்வண்ணத்தைக் கெடுத்துக்கொண்ட அதே அறைதான். மாணவர்கள் கோலாலம்பூர் தேசியக் கலைக்கூடத்துக்குப் போய்வந்த படமும் இருக்கிறது. எல்லாரும் பஸ் முன்னால் நின்று சிரிக்கிறார்கள். ஓவியம் ஒன்றுகூடப் படத்தில் இல்லை.

1985இல் நாங்கள் போனபோது கலைக்கூடம் ரயில் நிலையத்துக்கு எதிரே, பழைய மெஜஸ்டிக் ஹோட்டல் கட்டடத்தில் இருந்தது. சுங்கை சிப்புட்டில் இரவு ரயில் ஏறினோம். விடியற்காலையில் இறங்கிச் சாலையைக் கடந்தால் கலைக்கூடம். கதவு திறக்கும்வரை வெளியே உட்கார்ந்து புளிச்சாதம் தின்றோம். எங்கள் ஓவிய ஆசிரியர் தைப்பிங்காரர், சீனர். புளிச்சாதத்தில் பாதி அவருக்குத்தான் போயிற்று.

அவரைப் பற்றி மடலில் ஒரு வரியும் இல்லை. அதற்காக யாரையும் குறை சொல்லவில்லை. அவர் ஓய்வு பெற்ற பிறகு பிறந்தவர்கள் மடலை எழுதுகிறார்கள். ஆனால் ரப்பர் தோட்டத்துப் பட்டணத்தில் ஓவியம் கற்பிப்பது எப்படி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நீர்வண்ணத்தில் வெள்ளையாக விடவேண்டிய இடத்தை மூடிவைக்க ஒரு திரவம் உண்டு. அதன் சிறு புட்டி வாங்க ஈப்போவுக்குத்தான் போகவேண்டும், விலையும் அதிகம். அவர் ஒரு நாள் புட்டியைத் திறந்து வகுப்பு முழுவதும் மோந்து பார்க்கச் சொன்னார். தோட்டத்துப் பிள்ளைகள் நான்கு பேரும் ஒரே குரலில், "பால்!" என்றோம். அம்மோனியா கலந்த ரப்பர் பால்தான் அது. என் அப்பா வேலை பார்த்தது பால் ஸ்டோரில். மறுநாளே ஒரு சோயா சாஸ் புட்டி நிறைய வந்துவிட்டது. தூரிகையை முதலில் சோப்பில் தோய்க்காவிட்டால் மயிரெல்லாம் ஒட்டிக்கொண்டு குச்சிதான் மிஞ்சும் என்பதை, மூன்று தூரிகைகளைப் பலி கொடுத்துக் கற்றோம்.

அச்சுப் படத்துக்கு லினோ தகடு செதுக்குவதிலும் எங்களுக்குக் கை முந்திக்கொண்டது. பள்ளி விடுமுறையில் பெற்றோருடன் ரப்பர் மரம் சீவும் வெட்டுக்காட்டுக்குப் போனவர்கள் நாங்கள். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், மேலோடு போனால் பால் வராது. அந்தக் கணக்கு மணிக்கட்டில் ஏறியிருந்தது. ஒருமுறை ரப்பர் மரத்தை வரையச் சொன்னபோது, பட்டணத்து நண்பன் ஒருவன் வெட்டுக் கோட்டை வலமிருந்து இடமாகச் சரித்துவிட்டான். அது இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து இறங்கவேண்டும். அன்று முழுவதும் அவனைக் கேலி செய்தோம். (இப்போது அவன் லண்டனில் பெரிய வடிவமைப்பாளன். இதைப் படிப்பான்.)

மின்சூளைச் செய்தி, மண்பானைக்குப் பேர்போன சாயோங்கை நினைவுபடுத்தியது. கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரத்தைப் படம் வரைந்துவிட்டு, பேராக் ஆற்றைப் படகில் கடந்து அங்கே போனோம். சுரைக்காய் வடிவில் பானை செய்து, சூடு ஆறுமுன் நெல் உமிக்குள் புதைப்பார்கள்; உமி புகைந்து பானை கன்னங்கரேலென்று வெளிவரும். திரும்பி வந்து கல்லூரிக் கொல்லையில் நாங்களும் முயன்றோம். பானை எல்லாம் வெடித்தது. தோட்டக்காரரின் மரவள்ளியும் கருகியது.

இனி, மடலின் கடைசிப் பக்கம். பொருள் அறையைக் காலி செய்கிறார்களாம். பழைய பிளாஸ்டர் வார்ப்புகளுக்கு ஒரு பட்டியல் போட்டு, மாத இறுதிக்குள் எடுத்துக்கொள்ளாவிட்டால் அப்புறப்படுத்துவோம் என்றிருக்கிறார்கள். வரிசை எண் 22 மூக்கில்லாத காந்தி தலை. யார் செய்தது என்று எனக்குத் தெரியும். அவரே எழுதிக் கேட்கட்டும். அதற்கு ஐந்து வரி மேலே:

"17. ஆணின் வலது கை. சுண்டு விரல் நுனி உடைந்துள்ளது. செய்தவர் பெயர் இல்லை."

செய்தவன் நான். அந்த வரியில் இன்னும் இரண்டு தவறுகள் இருக்கின்றன.

பரீட்சைக்கு ஒரு வார்ப்பு வேண்டியிருந்தது. ரப்பர் பாலைப் பூசி அச்சு எடுக்க அம்மாவிடம் கை கேட்டேன். "விடிந்ததிலிருந்து இந்தப் பாலில்தான் கிடக்கிறேன். வீட்டுக்கு வந்தும் அதையே பூசப் போகிறாயா?" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, மதியச் சோறு ஆக்கி முடித்து, லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து கையை நீட்டினார். ஒரு பூச்சு காய்ந்தபின்தான் அடுத்தது. ஐந்தாவது பூச்சில் தூங்கிப்போனார். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்துக் காலை ஆள்கணக்குக்கு, விடியுமுன் எழுந்து போகிறவர். உட்கார வைத்தால் தூங்காமல் என்ன செய்வார்? தங்கையின் முகப் பவுடரைத் தூவி, கையுறையைக் கழற்றுவதுபோல உரித்தேன். முடி பிடுங்கியதில் விழித்துக்கொண்டு, வலக்கை பாலாக இருந்ததால் இடக்கையால் ஓர் அடி கொடுத்தார்.

ரப்பர் அச்சு மெல்லியது. பிளாஸ்டரை ஊற்றினால் எடை தாங்காமல் ஊதிவிடும். அதனால் பால் சுமக்கும் காண்டா வாளியில் தண்ணீர் நிரப்பி, அச்சை அதற்குள் தொங்கவிட்டு ஊற்றச் சொன்னார் ஆசிரியர். அப்படியும் சுண்டு விரல் நுனியில் காற்று தங்கிவிட்டது. அந்த நுனி உடையவே இல்லை. அது உருவாகவே இல்லை. மற்றதெல்லாம் வந்தது: கத்திப் பிடி அழுத்தி உள்ளங்கையில் ஏறிய காய்ப்பு, கட்டைவிரலின் வெடிப்பு, தடித்த மூட்டுகள். ஆசிரியர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதை மணல்தாள் போட்டுத் தேய்த்தால் உன்னைத் தேய்த்துவிடுவேன்" என்று மலாயில் சொன்னார். அடியில் பெயர் எழுதவும் நான் மறந்துவிட்டேன்.

கையைப் பார்த்து ஆண் என்று எழுதிய பிள்ளையின் மேல் எனக்குக் கோபமில்லை. நேற்றுக் கலைப் பிரிவுக்குக் கடிதம் அனுப்பினேன். சனிக்கிழமை ஈப்போவிலிருந்து தங்கை வந்து எடுத்துக்கொள்வாள். 17ஆம் எண்ணைத் திருத்தி எழுதிய பிறகே அவளிடம் கொடுக்கும்படி கேட்டிருக்கிறேன்.