மலையிலிருந்து நெடுந்தீவுக்கு: காலைப் படகை விட்டுவிடாதீர்கள்

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கிற நெடுந்தீவைச் சுற்றிக் காட்ட ஓர் ஆட்டோக்காரர் எங்களிடம் 9,000 ரூபா கேட்டார். மலையகத்தில் எங்கள் ஊரான நோர்வூட்டுக்குத் திரும்பி வந்து, உப்புக் காற்றில் ஊறிய துணிகளைத் துவைத்துக் காயப்போட்ட பிறகும் அந்தக் கோபம் ஆறவில்லை. அந்தக் கதையை அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: கட்டாயம் போய் வாருங்கள். மலையகத்தில் இருக்கிற நாம் சுற்றுலா என்றால் கதிர்காமம், திருகோணமலை, கொழும்புக் காலிமுகத்திடல் என்று நின்றுவிடுகிறோம். படகேறித் தீவு தீவாகப் போகிற சுகம் இந்த நாட்டிலேயே இருக்கிறது. அதற்கு வெள்ளைக்காரர் மாதிரிச் செலவழிக்கத் தேவையே இல்லை.

போனது அம்மா, அத்தை, தங்கச்சி, நான். இந்தப் பயணமே அத்தையின் ஆசை. வாழ்க்கை முழுக்கத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர், ஓய்வு பெற்றதும் ஈ.பி.எப். என்கிற சேமலாப நிதிக் காசில் கொஞ்சத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, "கடல்ல போகணும்டா தம்பி, கரையில நின்னு பாத்தது போதும்" என்றார். எங்கள் பக்கத்தில் தண்ணீர் என்றால் காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்கள்தான். காசல்ரீயில் படகில் அக்கரைக்குப் போன பழக்கம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலை மலை தெரியும். கரையே தெரியாத தண்ணீரில் எங்கள் வீட்டில் யாரும் போனதில்லை.

ஹட்டனிலிருந்து கண்டிவரை சொல்ல ஒன்றுமில்லை. கண்டியில் ஏறிய இரவு பஸ் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஏசி பஸ் என்று சொல்லி ஏசி கட்டணம் வாங்கினார்கள். தம்புள்ளை தாண்டுவதற்குள் ஏசி நின்றுவிட்டது. ஜன்னலோ திறக்க முடியாத ஜன்னல். அத்தையின் சீட் சாய்ந்த நிலையிலேயே இறுகிப்போய், பின்னால் இருந்தவரின் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. வவுனியாவரை பாட்டுச் சத்தம். நடுராத்திரியில் சாப்பாட்டுக்கு நிறுத்திய கடையில் ஒரு பிளேன்டீக்கு வாங்கிய காசைச் சொன்னால் தேயிலை பறிக்கிறவர்களுக்கு வயிறு எரியும். கண்டக்டரிடம் மீதிக் காசைக் கேட்டேன், தரவில்லை. சாதாரண பஸ்ஸில் ஜன்னலைத் திறந்துவிட்டுப் போவது இதைவிட நூறு மடங்கு மேல், காசும் மிச்சம். நாங்கள் திரும்பி வந்தது அப்படித்தான்.

அந்தப் பஸ்ஸிலும் ஒரு நல்ல நேரம் இருந்தது. மாத்தளைக்குள் போகும்போது அத்தை எழுந்து உட்கார்ந்து முத்துமாரியம்மன் கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். 200 வருடங்களுக்கு முன் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்தவர்கள் வந்து சேர்ந்த ஊர் மாத்தளை. 2023 இல் அதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனார்களே, அதன் கடைசிப் பகுதியில் தங்கச்சியும் நடந்தாள். அவர்கள் வந்து சேர்ந்த ஊரிலிருந்து கடலைப் பார்க்க நாங்கள் ஏ9 வீதியில் வடக்கே போய்க்கொண்டிருந்தோம். பஸ்ஸில் உட்கார்ந்தே கால் வீங்குகிற தூரம் அது. கைக்குழந்தையும் சட்டிபானையுமாக நடந்திருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் விடியற்காலையில் இறங்கி, முகம் கழுவி, 776 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினோம். தீவுகளுக்குப் படகு ஏறுகிற குறிகட்டுவான் துறைக்குப் போகிற பஸ் அது. இந்தப் பஸ் பயணத்துக்காகவே யாழ்ப்பாணம் போகலாம் என்பேன். பண்ணைப் பாலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் தண்ணீர். வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகும்போது ரோடு கடலுக்கு நடுவே நேராகப் போகிறது. மேடும் இல்லை, வளைவும் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடித்துப் பழகிய ஊர்க்காரர்களுக்கு அதுவே அதிசயம். முழங்காலளவு தண்ணீரில் தடிகளை ஊன்றி வலை கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடியிலும் ஒரு பறவை. அம்மா வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

குறிகட்டுவானில் இரண்டு வரிசை: நயினாதீவுக்கு ஒன்று, நெடுந்தீவுக்கு ஒன்று. நயினாதீவுக்குப் படகுகள் அடிக்கடி போகின்றன, கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரமளவு கடலில் போக வேண்டும். படகும் நாளைக்குச் சில தடவைகள்தான். காலைப் படகை விட்டால் அன்றைய நாளே வீண். அதனால் நெடுந்தீவை முதலில் வைத்துக்கொள்ளுங்கள்.

படகில் ஆட்களைவிடச் சாமான்தான் அதிகம். அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், சீமெந்து, ஒரு மோட்டார் சைக்கிள், முட்டை அட்டைகள். தீவுக்கு எல்லாமே இப்படித்தான் போக வேண்டும். உள்ளே கீழ்த்தட்டில் டீசல் வாசம் தலையைச் சுற்ற வைக்கும். வயிறு பிரட்டுகிறவர்கள் மேல் பக்கமாகக் காற்று படுகிற இடத்தைப் பிடியுங்கள். அத்தை ஓரத்துப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். விரல் நுனிகளில் கொழுந்துக் கறை ஏறி ஏறிக் கறுத்த வெடிப்புகள் வேலையை விட்ட பிறகும் போகவில்லை; ஒவ்வொரு அலைக்கும் படகு தூக்கிப் போடும்போது அந்த விரல்கள் வெள்ளையாகும்வரை இறுகின. பாதிக் கடலில் பயம் விட்டுப்போய்விட்டது. எதிரே இருந்த நெடுந்தீவுப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தார்.

"ஐயா, ராமேஸ்வரம் எந்தப் பக்கம்?"

"அந்தா, அங்காலை தங்கச்சி" என்று அவர் தென்மேற்குப் பக்கம் கையைக் காட்டினார்.

அத்தையின் அக்கா போன திசை அது. 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று எழுதினார்கள். அந்தக் கணக்கில் பெரியத்தையின் குடும்பமும் போனது. மலைநாட்டு ஸ்டேஷன்களிலிருந்து தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலுக்கு எங்கள் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். அங்கிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல். அத்தை ஹட்டன் ஸ்டேஷனில் நின்று அழுததோடு சரி, அக்கா கடந்த கடலைப் பார்த்ததே இல்லை. பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தன் பக்கத்துக் கதையைச் சொன்னார். இதே கடலில் 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போன தீவுச் சனங்களை வெட்டிக் கொன்ற கதை. குழந்தைகளும் அதில் இருந்தார்கள். இரண்டு பேரும் கரை வரும்வரை பேசிக்கொண்டே வந்தார்கள்.

இனி ஆட்டோ. தீவு சுமார் 50 சதுர கிலோமீட்டர், வெயில் நேராகத் தலையில் இறங்கும், வயதானவர்களோடு நடந்து பார்க்க முடியாது. அது தெரிந்துதான் இறங்குதுறையில் காத்திருக்கிறார்கள். 9,000 ரூபா என்றார் ஒருவர். ஏன் என்று கேட்டால் பெற்றோல் என்றார். நாங்கள் பேசுகிற தமிழைக் கேட்டுவிட்டு, "மலைநாடோ? அப்ப எட்டு தாங்கோ" என்றார். எட்டாயிரத்துக்குத் தோட்டத்தில் எத்தனை நாள் மலை ஏற வேண்டும், எத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்று அத்தை அவரிடமே கேட்டார். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் போடுவார்கள் என்பதையும் சொன்னார். அவர் பதில் சொல்லவில்லை, விலையையும் குறைக்கவில்லை. நாங்கள் நடக்கத் தொடங்கினோம். கொஞ்சத் தூரத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. அந்தக் கடை அக்கா தன் தம்பியைப் போனில் கூப்பிட்டார். அவர் பட்டா என்கிற சின்ன லொறியைக் கொண்டுவந்து, பின்னால் பாயை விரித்து, 4,000 ரூபாவுக்குப் பின்னேரம்வரை சுற்றிக் காட்டினார். அதே ரோடு, அதே பெற்றோல். இறங்குதுறையில் ஒரு கட்டணப் பலகை வைத்தால் இந்த அநியாயம் ஒரே நாளில் நின்றுவிடும். அதுவரை துறையில் பேரம் பேசாதீர்கள், ஊருக்குள் நடந்து போய்க் கேளுங்கள்.

பார்த்ததில் எனக்கு மிகவும் பிடித்தது மதில்கள்தான். வேலி என்று ஒன்றும் கிடையாது. செத்த பவளக் கற்களை சீமெந்தும் சாந்தும் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் பூப்போட்ட மாதிரி வரிவரியாகக் குழிகள். இடுக்குகளில் ஓணான் குட்டிகள் ஓடுகின்றன. வீட்டுக்கு வீடு, ஒழுங்கைக்கு ஒழுங்கை இதே மதில். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் கருங்கல் அடுக்கி மண் சரியாமல் கட்டுவோமே, அந்த வேலை தெரிந்த அம்மா ஒரு மதிலைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல கைக்காரன் அடுக்கினது" என்றார்.

குதிரைகளைத் தீவின் தெற்குப் பக்க வெளியில் கூட்டமாகப் பார்த்தோம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவந்து விட்ட குதிரைகளின் வழிவந்தவை. நுவரெலியாவில் காசு வாங்கிக்கொண்டு ஏற்றிச் சவாரி விடுகிற குதிரையைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம். இவை யாருக்கும் சொந்தமில்லாமல் மேய்கின்றன. ஆனால் தண்ணீருக்குக் கஷ்டப்படுகின்றன, சிலவற்றுக்கு விலா எலும்பு தெரிகிறது. பார்க்கப் போகிறவர்கள் வாகனத்தில் துரத்திப் படம் எடுக்காதீர்கள். அன்றைக்கு ஒரு கூட்டம் அதைத்தான் செய்தது.

பெருக்குமரம் என்கிற பாவோபாப் மரத்தின் அடி வயிற்றில் ஆள் நுழைகிற பொந்து இருக்கிறது, நாலு பேரும் உள்ளே நின்றோம். ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு, இடிந்த கோட்டை எல்லாம் பார்த்தோம். கோட்டையில் கல்தான் மிச்சம், அரை மணி நேரம் போதும்.

சாப்பாடு! பட்டாக்காரத் தம்பியின் வீட்டில் காசு கொடுத்துச் சாப்பிட்டோம். காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழ். நண்டு, இறால், மீன் தலை, பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை எல்லாம் ஒரே பானையில். செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேர்ந்து மூக்கில் ஏறும். பனையோலையில் மடித்த பிளாவில் ஊற்றித் தந்தார்கள். குடித்து முடிக்கும்போது ஓலை வாசமும் சேர்ந்து வாயில் நிற்கிறது. மரவள்ளியை அவித்துக் கட்டசம்பலோடு தின்று வளர்ந்த எங்களுக்கு, அதே கிழங்கு நண்டுச் சாற்றில் கிடப்பது புது ருசி. அத்தை மூன்றாம் தடவையும் பிளாவை நீட்டினார். ஆளுக்கு 700 ரூபா வாங்கினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு ஹோட்டலில் அதற்கு மேல் கொடுத்துக் காய்ந்த பிரியாணி தின்றோம், அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இரவும் அந்த வீட்டிலேயே தங்கினோம். நுளம்பு வலை தந்தார்கள். முடிந்தால் ஒரு இரவு தங்குங்கள். பகல் படகில் வந்து பின்னேரப் படகில் ஓடுகிறவர்கள் பாதித் தீவைக்கூடப் பார்ப்பதில்லை. நல்ல தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். கிணறு இருந்தாலும் பல இடங்களில் உவர்.

நயினாதீவுக்கு மறுநாள் போனோம். அங்கே போன படகுதான் எனக்குப் பயம். ஏற்றக்கூடிய அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றினார்கள். உயிர்காப்பு அங்கிகள் கூரையில் கட்டுக்கட்டாகக் கிடந்தன, யாருக்கும் கொடுக்கவில்லை. நான் எழுந்து கேட்டு நான்கை வாங்கினேன். கேட்டால் தருகிறார்கள், கேட்காமல் ஏறாதீர்கள். நாகபூசணி அம்மன் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். மதியம் அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம், சோறும் கறியும் வயிறு நிறைய. நாகவிகாரை கொஞ்சம் தள்ளி இருக்கிறது, நடந்தே போகலாம்.

காற்றுக் காலம் முக்கியம். மே தொடங்கி செப்டெம்பர்வரை சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும். அப்போது படகு நன்றாக ஆட்டும், சில நாட்களில் போகவே போகாது என்று படகில் வேலை செய்கிற பையன் சொன்னான். மார்கழி மழையும் சரிவராது. மாசி, பங்குனியில் கடல் அடங்கிக் கிடக்கும். அந்த நாட்களில்தான் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கும் குறிகட்டுவான் துறையிலிருந்து படகு போகிறது.

செலவில் பெரும்பங்கு பஸ்ஸுக்கும் வாகனத்துக்கும் போனது. அதோடு பார்த்தால் படகுக் காசு ஒன்றுமே இல்லை. அடுத்தது அனலைதீவும் எழுவைதீவும். அவற்றுக்குப் படகு ஊர்காவற்றுறையிலிருந்து. அதற்காக அம்மா இந்த மாதமே லயத்தில் ஒரு சீட்டில் சேர்ந்துவிட்டார். நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பக்கம் யாராவது சேர்ந்து வருகிறீர்கள் என்றால் பட்டா வாடகையைப் பிரித்துக்கொள்ளலாம். ஏசி பஸ் என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள்.