பெட்டிக்குள் எங்கள் பாதங்கள்

அப்பா போய் 41 நாள் ஆகிறது. அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று முதல் வாரத்திலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன், உட்கார்ந்தால் கை ஓடவில்லை. நேற்று அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். இன்று எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

கறுப்புப் பெட்டி. மேலே வெள்ளைப் பெயிண்டில் அவருடைய ஆர்மி நம்பர், ரேங்க், பெயர். பட்டாளத்தை விட்டு வந்து 32 வருஷம் ஆகியும் அந்த எழுத்து மங்கவே இல்லை, ஏனென்றால் மங்க மங்க அவரே மெல்லிய பிரஷ்ஷை வைத்து எழுத்தின் மேலேயே திருப்பி எழுதிவிடுவார். சாவி எங்கே இருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அவர் இருக்கும்போது நாங்கள் யாரும் திறந்ததில்லை. பூட்டைத் திறக்கும்போது என் தம்பிக்குக் கை நடுங்கியது.

அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸில், அதாவது ராணுவத்தின் இன்ஜினியர் படையில் இருந்தவர். 1969-இல், 19 வயதில் சேர்ந்தார். பெங்களூரில், அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது அவர்களுடைய சென்டர். பாலம் போடுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி புதைப்பது, புதைத்ததை எடுப்பது, இதெல்லாம்தான் சாப்பர்களின் வேலை. பட்டாளத்தில் மெட்ராஸ் சாப்பர் எல்லோருக்கும் 'தம்பி' என்றுதான் பெயர். தமிழே தெரியாத வடநாட்டு அதிகாரிகூட 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். அதனாலோ என்னவோ, வீட்டில் நான் என் தம்பியைக் கூப்பிட்டால் அப்பாவும் ஒரு கணம் தலையைத் திருப்புவார். ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் கழித்தும் அந்தப் பழக்கம் போகவில்லை.

1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரின்போது, அவர் மேற்கு எல்லையில் ஷகர்கர் பகுதியில் இருந்தார். அங்கே பசந்தர் ஆற்றைத் தாண்டி நம் டாங்கிகள் போக வேண்டும் என்றால், முதலில் கண்ணிவெடி வயலுக்குள் சாப்பர்கள் வழி திறந்தாக வேண்டும். 21 வயதில் உயிரைக் கொடுத்துப் பரம்வீர் சக்ரா வாங்கிய அருண் கேத்ரபாலின் டாங்கிப் படை அங்கே அப்படித்தான் போனது. வழி முழுக்கத் திறந்து முடிவதற்கு முன்பே போக வேண்டிய அவசரம். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அப்பா டாங்கிக்காரர்களைத்தான் புகழ்வார். அவர்களுக்கு முன்னால் மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டு போனவர்களைப் பற்றி நாமாகக் கேட்டால்தான் வாயைத் திறப்பார்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் கேட்டுவிட்டேன். ஒரு தட்டில் மணலைக் கொட்டி, உள்ளே ஒரு பொத்தானைப் புதைத்து, அம்மாவின் ஸ்வெட்டர் ஊசியை என் கையில் கொடுத்தார். நான் நேராகக் குத்தினேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நேரா குத்தினா அதோட தலையில குத்துற. சாய்ச்சுக் குத்து. பக்கவாட்டுல தட்டணும், தட்டினதும் நிறுத்தணும்" என்றார். ஊசியைத் தரையோடு தரையாகச் சாய்த்து, நாலு விரல்கடை இடம் விட்டு, மறுபடி, மறுபடி. அந்தச் சின்னத் தட்டைத் தேடி முடிக்கவே பத்து நிமிஷத்துக்கு மேல் ஆனது. இப்படித் தேடிய இடத்துக்கு ரெண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போவார்களாம். நாடாவுக்கு உள்ளே கால் வைத்தால் ஆபத்தில்லை.

மேற்கு எல்லையில் டிசம்பர் 17 இரவு சண்டை நின்றது. "எங்களுக்கு நிக்கல" என்று ஒரு முறை சொன்னார். புதைத்தது எல்லாம் மண்ணுக்குள்ளேயே இருக்கிறதே, எடுத்தாக வேண்டும். அந்த வேலையின்போதுதான் அவருடைய கூட்டாளி ஒருவருக்கு வலது கால் போனது. ஒரே ஒரு தடவைதான் இதைச் சொன்னார், அதுவும் என் கல்யாணத்துக்கு அப்புறம்.

சரி, பெட்டிக்கு வருகிறேன்.

மேலாக ஒரு ஃபைல். டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆர்டர், அம்மாவுக்கும் அவருக்குமான மருத்துவ அட்டையின் நகல், ஜாயின்ட் அக்கவுன்ட் பாஸ்புக், எல்லாம் வரிசையாக. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு முழுத்தாள், அம்மா கண்ணாடி போடாமலே படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில், ஒன்று இரண்டு என்று எண் போட்டு. முதல் வரி: "அழுது முடித்த பிறகு இதைப் படி." இரண்டாவது, இறப்புச் சான்றிதழ் பத்துப் பிரதி வாங்கு. அப்புறம் ரெக்கார்டு ஆபீசுக்கு யார் எழுத வேண்டும், ஃபேமிலி பென்ஷனுக்கு எந்தத் தாளோடு எந்தத் தாளை வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக. கடைசி வரி: "நவம்பரில் உயிர்ச்சான்று கொடுக்க மறக்காதே. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போ, தனியாகப் போகாதே."

அம்மா அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

இதில் ஒரு விஷயத்தை, வீட்டில் பட்டாளத்துக்காரர் இருக்கிற எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும். கல்யாணம் ஆனபோது சர்வீஸ் பதிவில் யாரோ அம்மாவின் பெயரில் ஒரு எழுத்தைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள். ஆதாரில் வேறு மாதிரி இருக்கிறது. அப்பா இதைக் கண்டுபிடித்து, கடிதத்துக்கு மேல் கடிதமாக எழுதி, ஒரு வருஷத்துக்கும் மேல் அலைந்து சரி செய்திருக்கிறார். அந்தக் கடிதங்களின் நகல்களும் ஃபைலில் இருக்கின்றன. அவர் அதைச் செய்யாமல் போயிருந்தால் இப்போது இந்த நிலைமையில் அம்மாதான் அலைந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் சர்வீஸ் பதிவிலும் ஆதாரிலும் பாங்கிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று தயவுசெய்து அவர் இருக்கும்போதே பாருங்கள்.

எங்கள் சின்ன வயதில் அப்பா என்பது பெரும்பாலும் '56 ஏ.பி.ஓ.' என்று ராணுவத் தபால் நிலைய முகவரி போட்ட இன்லண்டு லெட்டர்தான். ஒவ்வொரு கடிதத்தின் மேலும் எண் போட்டிருப்பார், 14, 15, 17 என்று. 16 ஒரு வாரம் கழித்து வரும். வருஷத்துக்கு இரண்டு மாதம் லீவு, நடுவில் கேஷுவல் லீவு கிடைத்தால் உண்டு. இன்ஜினியர்களின் முழக்கம் 'சர்வத்ர', எங்கும் என்று அர்த்தம். எனக்கு டைபாய்டு வந்து படுத்திருந்த வருஷம், "எங்கேயும் இருப்பாராம், இங்க மட்டும் இருக்க முடியாது" என்று சொல்லி அம்மா அழுதது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தனியாக ரெண்டு பிள்ளைகளை வளர்த்தவர் அவர். அந்த அழுகையில் ஒரு தப்பும் இல்லை.

1993-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தார். அதற்கப்புறம் ஒரு ராத்திரிகூட அவர் வீட்டை விட்டு வெளியே தங்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை. நல்ல சம்பளத்தில் நைட் டியூட்டி வேலை ஒன்று வந்தது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சம்பளம் குறைவானாலும் பகல் வேலைக்குப் போனார். நான் பிளஸ் டூ படித்த வருஷம் முழுக்க, காலை நாலரை மணிக்கு என்னோடு எழுந்து, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். பேச மாட்டார், பேப்பர்கூடப் படிக்க மாட்டார். "நீங்க தூங்குங்கப்பா" என்றால், "நான் சென்ட்ரி, நீ படிம்மா" என்பார். ராத்திரி படுக்கப் போவதற்கு முன் நாலு பேர் செருப்பையும் ஷூவையும் துடைத்து, வாசலைப் பார்த்து நேர்க்கோட்டில் வைத்துவிட்டுத்தான் படுப்பார். ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு முந்தின ராத்திரியும் வைத்திருந்தார்.

ஃபைலுக்குக் கீழே யூனிஃபார்ம், பதக்கங்கள், 1971 போருக்குக் கொடுத்த சங்கிராம் மெடலும் பஸ்சிமி ஸ்டாரும் ஒரு கைக்குட்டையில் சுற்றி. அதற்கும் கீழே ஒரு காக்கி உறை. உள்ளே கோடு போட்ட நோட்டுத் தாள்கள், ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பாதம்.

பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. லீவில் வருவதற்கு முன் கடிதத்தில் கேட்பார், பிள்ளைகள் காலை வரைந்து அனுப்பு என்று. அம்மா எங்களைத் தாளின் மேல் நிற்க வைத்து பென்சிலால் சுற்றி வரைந்து கடிதத்தோடு அனுப்புவார். அந்த அளவை எடுத்துக்கொண்டு போய் மிலிட்டரி கேன்டீனில் அப்பா ஷூ வாங்கி வருவார். வருவதற்குள் கால் வளர்ந்திருக்கும் என்று, அம்மா போட்ட கோட்டுக்கு வெளியே அவர் நீல மையில் இன்னொரு கோடு போட்டிருக்கிறார். எல்லாத் தாளிலும் இரண்டு கோடு. ஓரத்தில் என் பெயர் அல்லது தம்பி பெயர், தேதி. 1981-இலிருந்து 1992 வரை பதினேழு தாள். ஃபீல்டில், டென்ட்டில், பனியில், எங்கெங்கோ மாற்றல் ஆகிப் போன இடமெல்லாம் இதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

தம்பி தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வரிசையாக அடுக்கினான். அடியில் பதினெட்டாவதாக ஒரு தாள் இருந்தது, பழுப்பேறி, மடிப்பில் கிழிந்து. பெரிய பாதம். பெயர் இல்லை, 1978 என்று மட்டும்.

அம்மா அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் தரையில் வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, அதன் மேல் தன் காலை வைத்தார். இப்போது வீங்கியிருக்கிற கால், கோட்டுக்குள் அடங்கவில்லை.

"கல்யாணமாகி முதல் லீவு. அவரேதான் வரைஞ்சார்" என்றார். "பென்சில் பட்டதும் கூசிப்போய் காலை இழுத்துட்டேன். இங்க பாரு, சுண்டுவிரல் கிட்ட கோடு கோணலா போயிருக்கு."