இனிக் கேட்காது

“பழையதை எடுத்துவிட்டாயா தம்பி?” என்று முதலாளி கேட்டார். “இனிக் கேட்காது அண்ணா” என்றேன். பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலும் இல்லை.

செவ்வாய்ப்பேட்டை மண்டிக் கணினி அது. பழைய விண்டோஸ் 7, புதிய 10 இரண்டும் அதில் இருந்தன. சுவிட்சைப் போட்டால் விண்டோஸ் 7-ஆ, 10-ஆ என்று கேட்டு 30 விநாடி நிற்கும். அவருக்கு அதுதான் எரிச்சல். 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன 7 எதற்கு என்று நானும் ஒத்து ஊதினேன். (10-க்கும் 2025 அக்டோபரில் அதே கதிதான்.)

அவர் போன் பேச வெளியே போனதும் கணக்குப்பிள்ளை அருகில் வந்தார்.

“ஜிஎஸ்டிக்கு முந்தின கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது தம்பி. அந்த பில் புரோகிராம் புதியதில் திறக்காது.”

“ஃபைல்களைத் தனியாக எடுத்துத் தருகிறேன் ஐயா.”

“திறக்காத ஃபைலை வைத்து நான் என்ன செய்ய?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 7-ஐ 10-க்குள்ளேயே மெய்நிகர்க் கணினியாக, கணினிக்குள் ஒரு கணினி போல, ஓட்டலாம்தான். 2 ஜிபி ராமில் அது நடக்கிற காரியமா?

டிஸ்கின் பகுதிகளைக் காட்டும் டிஸ்க் மேனேஜ்மென்டில் 7 இருந்த பகுதியின் மேல் ‘சிஸ்டம்’ என்ற குறி. முதலில் ஏற்றியது 7 என்பதால், 10-ஐத் தொடங்கிவைக்கும் ஃபைல்களும் அதிலேயே இருந்தன. இன்ஸ்டால் டிஸ்க் போட்டு வம்படியாக அழித்தால் மறுநாள் இரண்டுமே எழாது. பிசிடிபூட் கட்டளையால் அந்த ஃபைல்களை 10-இன் பகுதியில் எழுதி, கணினி அங்கிருந்தே எழும்படி அதை ‘ஆக்டிவ்’ ஆக்கி, ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்த பிறகே பழையதில் கை வைக்க வேண்டும். தெரிந்த வேலைதான். ஆனால் அதைச் செய்யவில்லை. தொடக்கப் பட்டியலைத் திருத்தும் எம்எஸ்கான்ஃபிக்கில் 7-இன் வரியை மட்டும் நீக்கினேன். பட்டியலில் பெயர் போகும். டிஸ்கில் ஒரு ஃபைலும் அசையாது. வேண்டும்போது திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.

கணினி முதலாளியுடையது, கூலியும் அவர் கொடுத்தது. அதே சமயம், பழைய பாக்கி என்று யாராவது வந்து நின்றால் அவர் கணக்குப்பிள்ளையைத்தானே பிடிப்பார்? முதலாளியிடமே விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். கணக்குப்பிள்ளைக்குப் பேச்சு விழும் என்று பயந்தேன். “சரி, இருந்துவிட்டுப் போகட்டும்” என்றுகூட முதலாளி சொல்லியிருப்பார். அதற்கு நான் இடமே கொடுக்கவில்லை.

அடுத்து வருகிற மெக்கானிக் காலி இடம் என்று அழித்துவிடக் கூடாதே என்று, அந்த டிரைவுக்கு ‘பூட் அழிக்காதே’ என்று பெயர் வைத்தேன். முதலாளி திறந்தால் அவர் கண்ணிலும் படும். இதுவரை கூப்பிடவில்லை. கூப்பிட்டுக் கேட்டால் நல்லது என்றும் சில சமயம் தோன்றுகிறது.