எள்ளுச் செடியில் விரல் தடிமன் புழு

எள், கத்தரி, அவரை: இவற்றில் ஒரே இரவில் நுனியிலைகள் காணாமல் போனால் முதலில் தரையைப் பாருங்கள். மிளகைப் போல் உருண்டு, நீளவாக்கில் பள்ளம் விழுந்த பெரிய எச்சம் கிடந்தால், அதற்கு நேர்மேலே மண்டையோட்டு அந்துப்பூச்சியின் புழு இருக்கும். பச்சை, மஞ்சள், பழுப்பு என எந்த நிறத்திலும் வரும். பக்கவாட்டில் சாய்ந்த கோடுகள், வால் நுனியில் வளைந்த கொம்பு. முற்றிய புழு 10 செ.மீ.க்கு மேலும் நீளும். கொம்பு கொட்டாது. தொட்டால் தலையைத் திருப்பித் தாடையைச் சொடுக்கும், அவ்வளவுதான். இதற்கு மருந்தடிப்பது வீண், கையால் எடுத்துவிடலாம். முதுகில் அரிசிக் குருணை போல வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருக்கும் புழுவை மட்டும் விட்டுவிடுங்கள். அது ஒட்டுண்ணிக் குளவிக்கு இரையானது, இனிப் பிழைக்காது. அதிலிருந்து வரும் குளவிகள் மற்ற புழுக்களைத் தேடிப்போகும்.

வளர்த்துப் பார்க்க நினைப்பவர்கள் எந்தச் செடியில் எடுத்தார்களோ அதே செடியின் இலையையே கடைசிவரை கொடுக்க வேண்டும். நடுவில் மாற்றினால் பல புழுக்கள் தின்னாமலே சாகும். தீனியை நிறுத்தி, நிறம் மங்கி, அங்குமிங்கும் அலையத் தொடங்கினால் மண்ணுக்குள் போகும் நேரம். 15 செ.மீ. ஆழத்துக்குப் பொலபொலப்பான மண், கையில் பிடித்தால் ஒட்டாத அளவு ஈரம். ஈரம் கூடினால் பூஞ்சை பிடிக்கும், குறைந்தால் கூட்டுப்புழு காய்ந்துவிடும். முதல் பத்து நாள் தோண்டவே கூடாது. தோல் இறுகுவதற்குள் கைபட்டால் கிழியும். பிறகு சொரசொரப்பான குச்சி ஒன்றை நட்டுவையுங்கள். வெளிவந்த பூச்சி ஏறித் தொங்கினால்தான் இறக்கை விரியும். வழவழப்பான பிளாஸ்டிக் டப்பாவில் அது வழுக்கி விழுந்து, இறக்கை சுருங்கியபடியே காய்ந்துபோகும். வளர்ப்பவர்கள் அதிகம் பறிகொடுப்பது இந்தக் கட்டத்தில்தான்.

நம் ஊரில் இரண்டு இனங்கள் உண்டு. பின்னிறக்கை மஞ்சளாக இருந்து குறுக்கே இரண்டு கோடுகள் ஓடினால் ஸ்டிக்ஸ். பின்னிறக்கையில் உடலோடு ஒட்டிய பகுதி பெருங்கறுப்பாக இருந்தால் லாக்கெசிஸ். இறக்கை விரிவு 13 செ.மீ. வரை போகும், இரண்டில் இதுவே பெரியது. இரண்டுக்கும் முதுகில் மண்டையோட்டுக் குறி உண்டு. பிடித்தால் கிறீச்சிடும். தொண்டைக்குள் காற்றை இழுத்து வெளித்தள்ளும்போது வரும் சத்தம் அது.

இது பருந்து அந்துப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் மற்ற பல பறந்தபடியே பூவில் தேன் குடிக்கும். இதன் உறிஞ்சுகுழலோ குட்டை, தடிப்பு. பூவுக்கு ஆகாது, தேனடையின் மெழுகு மூடியைக் குத்தத்தான் ஏற்றது. இரவில் அடுக்குத் தேனீப் பெட்டிக்குள் புகுந்து தேனைத் திருடும். உள்ளே சிக்கிச் செத்த பூச்சியைத் தேனீக்களால் இழுத்துப்போட முடியாது. வாசல் இடைவெளியை 8 மி.மீ.க்குக் குறைத்தால் போதும்: தேனீ நுழையும், இது நுழையாது.

எள் அறுவடைக்குப் பின் ஆழ உழுதால் மண்ணிலிருக்கும் கூட்டுப்புழுக்கள் மேலே வரும். மைனாவும் கொக்கும் ஏர் பின்னாலேயே வந்து பொறுக்கிக்கொள்ளும்.