முட்டி மறுக்கும் முன்பே தட்டுக்கழியை எடுங்கள்

மேடையை விட்டால் வகுப்பு. சென்னையில் பரதம் ஆடுகிற பலரிடம் இருக்கும் ஒரே திட்டம் இதுதான். ஆனால் வகுப்பு முட்டிக்கு ஓய்வு தராது. ஒரு மாலையில் மூன்று பேட்ச் பிள்ளைகளுக்குத் தட்டடவு, நாட்டடவு, குத்தடவு என்று அடிப்படை அடவுகளை, முட்டி மடக்கிய அரைமண்டியில் நின்று ஆடிக் காட்டினால், ஒரு மார்க்கம் (முழுக் கச்சேரி) ஆடியதற்குச் சமமாகக் கால் அடிவாங்கும். கான்கிரீட் மேல் பதித்த கிரானைட் தரை என்றால் கேட்கவே வேண்டாம். உட்கார்ந்தபடி தட்டுக்கழியாலும் (கட்டையில் தாளம் தட்டும் கோல்) வாயாலும் திருத்தப் பழகாமல் வகுப்பு ஆரம்பிக்காதீர்கள்.

அந்தப் பழக்கமே நட்டுவாங்கத்துக்கு, அதாவது கைத்தாளம் தட்டி ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்தும் வேலைக்கு, வாசல். (நட்டுவனார் என்றால் ஆண்தான் என்றிருந்த காலம் போய் வெகுநாளாகிறது.) ஆடத் தெரிந்தவருக்கு இது தானாக வரும் என்பதுதான் பெரிய தப்புக்கணக்கு. இதுவரை தாளத்தை வெளியிலிருந்து வாங்கி ஆடிய உடம்பு இப்போது அதைக் கொடுக்க வேண்டும். கைத்தாளம் அடவின் கால்தட்டோடு விழும், வாய் சொற்கட்டை (தாள எழுத்துகளின் கோவை) சொல்லும், ஆதி தாளத்தின் எட்டு அட்சரம் உள்ளே ஓடும். மூன்றும் ஒன்றாக நிற்க இரண்டு மூன்று வருஷமாவது பிடிக்கும். அதனால் மேடையில் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே தொடங்க வேண்டும்.

முதல் சறுக்கல் தீர்மானத்தில், அதாவது ஜதியை முடித்துவைக்கும் பகுதியில். மூச்சு முட்டி, கடைசித் 'ததிங்கிணதொம்' முந்திவிடும். ஆடுகிறவர் எடுப்பை (பாட்டு தொடங்கும் இடம்) தவறவிடுவார், பழியும் அவர் தலையில்தான். ஜதியை எழுதி, மூச்சு வாங்கும் கார்வைகளில் (இடைவெளிகள்) பென்சிலால் குறி போடுங்கள். மெட்ரோனோமை 60-ல் வைத்து மூன்று காலமும் (மூன்று வேகங்கள்) சொல்லுங்கள். மூன்றாம் காலத்தில் எழுத்துகள் ஒன்றையொன்று விழுங்கினால் வேகத்தைக் குறைத்து மறுபடி ஆரம்பம்.

அடுத்தது சுருதி. பாடகரின் சுருதியோடு ஒட்டாத ஜதி காதில் உறுத்தும். குரலை சட்ஜத்திலோ (ச) பஞ்சமத்திலோ (ப) நிறுத்த, முதல் பாடமான சரளி வரிசையிலிருந்து பாட்டு கற்பதுதான் வழி. அபிநயம் வரும் இடங்களில் தாளம் அடங்க வேண்டும். புதியவர்கள் அங்கேதான் ஓங்கித் தட்டுவார்கள். மணிக்கட்டு வலித்தால் தாளக் கயிற்றை இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

வாய்ப்பு பெரும்பாலும் அரங்கேற்றங்களில் வரும். சன்மானத்துக்கு முன்னால் ஒத்திகைக் கணக்கைப் பேசி வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். மூன்று ஒத்திகை என்று ஆரம்பித்து எட்டில் முடியும். பேசிய தொகை மட்டும் அப்படியே நிற்கும்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு எடுப்பவர்கள் ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியைப் போட வேண்டும். இல்லையென்றால் தட்டுக்கழிச் சத்தத்தை இரைச்சல் என்று அது அமுக்கிவிடும். சேர்ந்து சொல்ல வைக்காதீர்கள். இணையத் தாமதத்தில் தாளம் கிழியும். நம் காலை 6 மணி நியூயார்க்கில் கோடையில் முந்தின இரவு 8:30, குளிர்காலத்தில் 7:30. அங்கே கடிகாரத்தை மாற்றுகிற மார்ச்சிலும் நவம்பரிலும் அட்டவணை குழம்புவது இதனால்தான்.

மாறுகிற வருஷங்களில் வருமானம் இறங்கும். மத்தியக் கலாசார அமைச்சகத்தின் இளநிலை ஃபெலோஷிப் 25 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்கு, மாதம் 10,000 ரூபாய், இரண்டு வருஷம். 40-ஐத் தாண்டியவர்களுக்கு முதுநிலையில் 20,000. ஆடப்போகிறேன் என்று மட்டும் எழுதினால் நடக்காது, ஆய்வுத் திட்டம் கேட்பார்கள். எழுதிப் பழகாதவர்கள் அதற்கே ஒரு மாதம் ஒதுக்குங்கள்.