முன்சக்கரத்துக்கு ஊற்றிய சீலன்ட்

ஆவணி பிறந்தால் கமுதிப் பக்கத்தில் டிராக்டருக்கு ஓய்வு கிடையாது. மழைக்கு முன்பே புழுதி உழவு ஓட்டி, நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது மானாவாரிக்காரன் வழக்கம். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் வண்டியின் இடது முன்சக்கரம் மக்கர் செய்தது. இரவு நிறுத்தும்போது திண்ணென்று இருக்கும். விடிந்து பார்த்தால் சப்பிப்போய்க் கிடக்கும். ஒரேயடியாகக் காற்று இறங்கினால் பஞ்சர் ஒட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். இது ஆளையும் கொல்லாமல் அடியையும் நிறுத்தாமல் படுத்துகிற ரகம்.

காரணம் தெரியாமல் இல்லை. எட்டு மாதம் தரிசாகக் கிடக்கும் நிலத்தில் சீமைக்கருவேலம் தானாக மண்டுகிறது. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டபோது நாங்களும் அரிவாளோடு கிளம்பினோம். வரப்பில் வெட்டிய கட்டைகள் அடுத்த மழைக்கே துளிர்த்துவிட்டன. உதிர்ந்த முள் மட்டும் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. அந்த டியூபில் அப்போதே ஒன்பது ஒட்டு.

உதிரிபாகம் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். பஞ்சரைத் தானாக அடைக்கும் டயர் சீலன்ட். பச்சை நிறத்தில் பாயசம் மாதிரி ஒரு திரவம். குலுக்கினால் உள்ளே நார்த் துணுக்குகள் மிதப்பது தெரிந்தது. சக்கரம் சுற்றும்போது இது டயரின் உட்புறம் முழுக்கப் பூசிக்கொள்ளும். ஓட்டை வழியாகக் காற்று வெளியேறும்போது திரவத்தையும் இழுத்துக்கொண்டு போகும். நார்கள் அங்கே சிக்கி அடைத்துக்கொள்ளும். விஷயம் இவ்வளவுதான். "ஊற்றிவிட்டால் மூன்று வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்றார். விற்கிறவர் வேறென்ன சொல்வார்?

வீட்டுக்கு வந்து அவசர அவசரமாக வேலையில் இறங்கினேன். வால்வு மூடியின் பிளவையே திருகியாகப் பயன்படுத்தி காற்றைப் பிடித்து நிறுத்தும் உள் ஊசியை, அதாவது வால்வு பின்னைக் கழற்றினேன். ஜாக்கி போடவில்லை. காற்று முழுவதும் இறங்கியதும் டயர் ரிம்மிலிருந்து நழுவி ஒரு பக்கமாகப் பிதுங்கிக்கொண்டது. வால்வோ தரையைப் பார்த்தபடி இருந்தது. அதிலேயே குழாயைச் செருகி முக்கால் லிட்டரை ஏற்றினேன். காற்றடித்துவிட்டு அளவு பார்க்க மீட்டரை வைத்ததும் பச்சைக் கூழ் பீய்ச்சி அடித்து மீட்டருக்குள் ஏறிவிட்டது. அப்பாவின் பழைய மீட்டர். அதோடு அதன் ஆயுள் முடிந்தது.

ஆனாலும் கசிவு நின்றது. பத்தொன்பது நாள் காற்றழுத்தம் ஒரு பவுண்டுகூட இறங்கவில்லை. பக்கத்து வயல்காரர்களிடம் அந்த டப்பாவைப் பற்றிப் பிரசங்கமே செய்தேன். இருபதாம் நாள், விதைப்புக்கு நடுவில், சக்கரம் மொத்தமாக உட்கார்ந்துவிட்டது.

பஞ்சர் கடை அண்ணன் டயரைப் பிரித்ததும் முகத்தைச் சுளித்தார். "தம்பி, உள்ளே என்ன கூழ் காய்ச்சி ஊற்றினாய்?" ஈரமாக இருக்கும் டியூபில் ஒட்டு நிற்காது. நன்றாகக் கழுவி, காயவைத்து, சுரண்டி, அதற்கப்புறம்தான் சொல்யூஷன் தடவ வேண்டும். திட்டிக்கொண்டே டியூபைக் கழுவினார். பிறகு ஒரு பழைய பருத்தித் துணியை எடுத்து டயரின் உட்புறத்தை மெதுவாகத் துடைத்துக்கொண்டே வந்தார். கையால் தடவினால் கையில் ஏறும்; துணி என்றால் முள் இருக்கும் இடத்தில் மாட்டிக்கொள்ளும். மூன்று இடத்தில் மாட்டியது. வெளியே ஒடிந்துபோய், உள்ளே நெல்மணி அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்த கருவேல முனைகள். இடுக்கியால் ஒன்றை இழுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "மருந்தைக் குறை சொல்லாதே. இவனை உள்ளேயே குடிவைத்துவிட்டு மருந்து ஊற்றினால் எப்படி?"

அவர் காட்டிய பிறகுதான் புரிந்தது. சீலன்ட் ஊசித் துளையை அடைத்திருக்கிறது. ஆனால் டயர் ஒவ்வொரு முறை அமுங்கும்போதும் அதே முள் டியூபை உரசி உரசித் துளையைக் கிழிசலாக்கிவிட்டது. அரை அங்குலக் கிழிசலை எந்த நார் அடைக்கும்? டியூப் இல்லாத டயரில் முள் துளையிலேயே இருந்தால்கூடச் சமாளித்துக்கொள்ளும். எங்களைப் போல டியூபோடு ஓட்டுகிறவர்கள் முதலில் டயரைப் பிரித்துத் துணியை ஓட்டிப் பார்க்க வேண்டும். இதை எந்த டப்பாவிலும் நான் பார்த்ததில்லை.

புது டியூப் வாங்கினேன். இந்த முறை ஜாக்கி வைத்து, அச்சுக்கு அடியில் மரக்கட்டையும் முட்டுக் கொடுத்தேன். வால்வை, கடிகாரத்தில் நான்கு மணிக்குச் சின்ன முள் நிற்கும் இடத்துக்குத் திருப்பினேன். ஊற்றி முடித்ததும் துளிக் காற்றை உள்ளே தள்ளி வால்வைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் பின்னை மாட்டினேன். 28 பவுண்டு அடித்துவிட்டு, வயலுக்குப் போகாமல் தார் ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டினேன். உழவு வேகத்தில் திரவம் அடியிலேயே தேங்கிக் கிடக்கும். சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்றினால்தான் எங்கும் பூசும். இப்போதெல்லாம் காற்று பார்க்கும்போது வால்வை மேலே கொண்டுவந்துவிட்டுத்தான் மீட்டரை வைக்கிறேன். மீட்டரும் புதுசு.

வெற்றிக் களிப்பில் பின்சக்கரத்துக்கும் ஊற்றலாமா என்று கேட்டேன். அண்ணன் சிரித்தார். பாரத்துக்காகப் பின்சக்கரத்தில் 150 லிட்டருக்கும் மேல் தண்ணீர் நிரப்பியிருக்கிறோம். அதில் ஒரு டப்பா சீலன்ட் என்பது கண்மாயில் கரைத்த பெருங்காயம். அந்தச் சக்கரத்திலும் காற்று இறங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அது முள்ளால் இல்லை. சோப்பு நுரையை வால்வு வாயில் தடவியபோது குமிழ் வந்தது. புதுப் பின் மாட்டியதோடு சரியாயிற்று. பக்கச் சுவரில் வெட்டு விழுந்தாலும் இந்தத் திரவத்தால் பயனில்லை என்றார். அந்த இடம் ஓயாமல் வளைந்து நிமிர்வதால் அடைப்பு நிற்காதாம்.

தை மாதம் கரிமூட்டை ஏற்றிக்கொண்டு போகும்போது அதே இடது சக்கரத்தில் ஒரு முள் தைத்திருந்தது. இந்த முறை ஒடியாமல் முழுசாக இருந்தது. பிடுங்கினேன். பச்சையாக ஒரு துளி எட்டிப் பார்த்தது, இரண்டு குமிழ் விட்டது. அந்த இடம் தரையில் படும்படி வண்டியைக் கால் சுற்று நகர்த்தி நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து மீட்டரை வைத்தபோது 27 காட்டியது.