724-ம் முன்கதவும்

லண்டனுக்கு வடமேற்கே இருக்கும் வாட்ஃபோர்டுக்குக் குடிவந்து ஒன்பது வருடமாகிறது. வேலை ஹீத்ரோ விமான நிலையத்தில். ரயிலில் போவதென்றால் முதலில் யூஸ்டன், அங்கிருந்து லண்டனுக்குள் வண்டி மாறி மறுபடி மேற்கே வரவேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதைதான். 724-ம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் ரிக்மன்ஸ்வொர்த், அக்ஸ்பிரிட்ஜ், அப்புறம் ஹீத்ரோ. தூங்கிக்கொண்டே போகலாம். தூங்கியும் இருக்கிறேன்.

இந்த ரூட்டை இங்குள்ள பெரியவர்கள் இன்னமும் 'கிரீன் லைன்' என்றுதான் சொல்கிறார்கள். 1930-ல் தொடங்கிய கிரீன் லைன் கோச் கம்பெனியின் யோசனை எளிமையானது: ஒரு புறநகர் ஊரிலிருந்து கிளம்பு, லண்டன் நடுவே குறுக்காக ஓடு, மறுபக்கம் இன்னொரு ஊரில் போய் நில். நிறுத்தங்கள் குறைவு. 1939-ல் போர் வந்ததும் கோச்சுகளை ஆம்புலன்ஸ் ஆக்கிவிட்டார்கள். 1946-ல் மறுபடி ஓட ஆரம்பித்தபோதுதான் 700-க்கு மேற்பட்ட எண்கள் வந்தன.

அந்தக் காலத்து வண்டிகளில் எனக்குப் பிடித்தது ஆர்.எம்.சி. லண்டனின் புகழ்பெற்ற ரூட்மாஸ்டர் டபுள் டெக்கரின் கோச் வடிவம். முன்மாதிரியைத் தவிர 68 வண்டிகள், ஒவ்வொன்றிலும் 57 இருக்கை. 1962-ல் ஹெர்ட்ஃபோர்டிலிருந்து கில்ட்ஃபோர்ட் போன 715-ல்தான் முதலில் விட்டார்கள். முன்னால் இரட்டை விளக்குகள், பின்பக்கம் ஏறும் இடத்துக்கு மடக்குக் கதவு, குலுங்காமலிருக்கப் பின்சக்கரங்களுக்குக் காற்று சஸ்பென்ஷன். பழைய பஸ் விழா ஒன்றில் மாடியேறி உட்கார்ந்தேன். இறங்க மனமே வரவில்லை. என் மகளுக்குத்தான் பசி.

அதே விழாவில் ஆர்.எஃப். ஒன்றும் நின்றது. 1950-களின் ஆரம்பத்தில் வந்த, ஏ.இ.சி. கம்பெனி தயாரித்த சிங்கிள் டெக்கர், கிரீன் லைன் வண்டியில் 39 இருக்கை. பார்க்க சாது. ஆனால் எஞ்சின் வண்டித் தரைக்கு அடியில் படுத்திருப்பதால் முன்பக்கம் முழுக்க காலி. டிரைவருக்குப் பக்கத்திலேயே கதவு வைத்துவிட்டார்கள். அதைக் கட்டிய நாளில் கண்டக்டர்தான் டிக்கெட் கொடுத்தார், ஆகவே அந்த இடத்துக்குப் பெரிய மதிப்பு இல்லை.

1960-களில் ஆள் பற்றாக்குறை. வீட்டுக்கு வீடு கார். லண்டன் நடுவே நெரிசலில் கோச்சுகள் மாட்டிக்கொண்டு, எக்ஸ்பிரஸ் என்ற பேருக்கே அர்த்தமில்லாமல் போனது. 1966-ல் 724 பிறந்தது இந்தச் சூழலில்தான். ரோம்ஃபோர்டிலிருந்து ஹை விக்கம் வரை, லண்டனைத் தொடாமல் வடக்கே சுற்றிப் போகும் ரூட். கண்டக்டர் கிடையாது, டிரைவரே டிக்கெட் கொடுப்பார். அதற்கு ஆர்.எஃப். கச்சிதம். பின்வாசல் ஆர்.எம்.சி.யால் அது முடியாது. மறு வருடம் லூட்டனிலிருந்து ஹீத்ரோ, கேட்விக் வழியாக கிராலிக்கு 727 வந்தது. அதற்கு ஆர்.எஃப்.களில் பெட்டி வைக்க இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

அழகான ஆர்.எம்.சி.க்கள் 1970-களில் சாதாரண டவுன் பஸ்ஸாக இறங்கின. முதலில் இவற்றை வைத்திருந்த நகரப் போக்குவரத்து அமைப்பான லண்டன் டிரான்ஸ்போர்ட் பிற்பாடு திருப்பி வாங்கிப் பலவற்றை டிரைவர் பயிற்சிக்கு விட்டது. எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் அது. வண்டியைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, கதவு மட்டும் தப்பான பக்கம் இருந்தது.

லண்டனுக்குள் நுழைந்து வெளியேறிய பழைய ரூட்டுகள் ஒவ்வொன்றாக நின்றுபோக, சுற்றிப் போன 724 தங்கிவிட்டது. முனைகள் மாறின, இப்போது ஹார்லோவிலிருந்து ஹெர்ட்ஃபோர்ட், வெல்வின் கார்டன் சிட்டி, செயின்ட் ஆல்பன்ஸ் வழியாக எங்கள் ஊருக்கு வருகிறது. காலை ஷிஃப்ட் என்றால் இருட்டிலேயே நிறுத்தத்தில் நிற்பேன். பாதுகாப்பு வேலைக்குப் போகிறவர்கள், சமையலறை ஆட்கள், பெரிய பெட்டியோடு ஊருக்குக் கிளம்புகிற யாராவது ஒருவர். வண்டி வந்ததும் எல்லோரும் முன்கதவில்தான் ஏறுகிறோம்.